வலது முன்சக்கரம்

பிரேக் பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தது. ஜீப் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட் தூணில் முட்டி நின்றது.

நேற்றுச் சாயங்காலம், சொந்த வாசலில், நடந்து போகிறவன் வேகத்தில். தூணில் பூச்சு உதிர்ந்தது, மட்கார்டு நசுங்கியது, வேறொன்றுமில்லை என்று சென்னியப்பன் ருக்குமணியிடம் சொன்னார். அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. சும்மா நின்று பார்த்தாள், பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வையைத்தான் இன்றைக்கு உக்கடம் வரைக்கும் பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்தார். மடியிலிருந்த பையில் இரண்டு பிரேக் சிலிண்டர்கள், பழையது ஒன்று, செவ்வாய்க்கிழமை வாங்கிய புதியது ஒன்று, விரல் நீளத்துக்கு மேல் இல்லை, ஆனால் இரும்பு இரும்புதான், பஸ் குலுங்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. பிரேக் ஆயில் கசிந்து பையை நனைத்து வேட்டியையும் நனைத்திருந்தது. பக்கத்து சீட்டுப் பெண்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். ஒதுங்கட்டும். எழுபத்து நாலு வயதில் இரும்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறவனைப் பார்த்து யாரும் எழுந்து நிற்கப் போவதில்லை. ஒரு காலத்தில் நின்றார்கள். தாசில்தார் ஜீப் வருகிறது என்றால் டீக்கடையில் பீடியைக் கீழே போட்டார்கள். அதே ஜீப். கழித்துக்கட்டி ஏலம் விட்டபோது, ரிட்டயரான அதே வருஷம், அவரே எடுத்தார். பத்தொன்பது வருஷம் அதன் இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவர், பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. அதற்கு டிரைவர் இருந்தான். போன வாரம்தான் முதல் முறையாகச் சக்கரத்தைக் கழற்றினார், போனில் ஒருவன் இந்தியில் பேசிக்கொண்டே கழற்றிக் காட்டுகிற வீடியோவைப் பார்த்து. இந்தி தெரியாது. கை தெரிந்தது, போதும். வலது முன்சக்கரத்துக்குள்தான் கசிவு. மிதியை அமுக்கினால் ஆயில் ஓடிவந்து இந்தச் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் இரண்டு பக்கத்து ஷூவையும் விரிக்கும், ஷூ டிரம்மைப் பிடிக்கும். இவ்வளவுதான் பிரேக். இதற்குப் போய் மெக்கானிக்குகள் என்ன பவிசு காட்டுகிறார்கள். தெருமுனை மெக்கானிக் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "காயலாங்கடைக்குப் போட்டுருங்க சார்" என்றான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். எவன் கையும் இதில் படக்கூடாது.

உதிரிபாகக் கடையில் அவருக்கு முன்னால் ஒரு டெம்போ டிரைவர் நின்றான். கவுண்டரில் அந்த அம்மா, நாற்பது நாற்பத்தைந்து இருக்கும், பெயர் ஹசீனா என்று செவ்வாய்க்கிழமை யாரோ கூப்பிட்டபோது காதில் விழுந்தது, உள்ளே பார்த்து "டெம்போ கிளட்ச் பிளேட்டு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் காத்து நின்றார். காத்து நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. பிறரைக் காக்கவைத்துத்தான் பழக்கம், பட்டா மாற்ற வந்தவன், வாரிசுச் சான்றிதழுக்கு வந்தவள், எல்லோரும் வராந்தாவில் நிற்பார்கள், மின்விசிறி இவர் தலைக்கு மேல் மட்டும் சுற்றும். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதைத் தயார் செய்திருந்தார். நீ கொடுத்தது டூப்ளிகேட், மாற்றிக் கொடு. ஐந்தே வார்த்தை. போதும். சனிக்கிழமைக்குள் வண்டி நேராக நிற்க வேண்டும். இன்று வியாழன். சனிக்கிழமை காலை பையன் புனேயிலிருந்து வருகிறான், மகளைக் கூட்டிக்கொண்டு, ஆறு வயதுக் குழந்தை, தாத்தா வீட்டில் இதுவரை கால் வைத்ததில்லை. ருக்குமணி அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள், அவள் எதையும் அடுப்பைப் பார்த்துத்தான் சொல்வாள், "ஏனுங்க, ஸ்டேஷனுக்கு ஜீப்பை எடுத்துட்டு வர வேண்டாம்னு சொல்லச் சொன்னான். அந்த வண்டியில எம்புள்ளைய ஏத்த மாட்டேங்கறான்." சரி என்றார். வேறென்ன சொல்ல. மறுநாள்தான் சக்கரத்துக்குள்ளிருந்து ஆயில் வழிந்திருப்பது கண்ணில் பட்டது. அவன் அந்தப் பக்கம் வாயைத் திறக்க இந்தப் பக்கம் வண்டி ஒழுகுகிறது, சொல்லிவைத்த மாதிரி. இல்லை, சரிசெய்து காட்டுவேன். வாசலில் நிறுத்தி, குழந்தையை முன்சீட்டில் உட்காரவைத்து, அவன் கண்ணெதிரே ஒரு பிரேக் போட்டுக் காட்டினால் போதும். இழுக்கிறதா பார். பதினாலு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். இழுத்துச்சாம்.

"பெரியவரே, என்ன வண்டிங்க?" என்றான் டெம்போ டிரைவர், பையை எட்டிப் பார்த்து.

"ஜீப்."

"எந்த வருச மாடலு?"

"எண்பத்தி நாலு."

"எனக்கு மூத்ததுங்க. நானே பொடதி வலிக்குதுன்னு படுத்துக்கறேன், அது ஓடுதா இன்னும்?" என்று பிடரியைத் தடவிக்கொண்டான்.

சென்னியப்பன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. உத்தரத்தில் பேன் பெல்ட்டுகள் தொங்கின, சுவர் நெடுக அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் எண்கள், வண்டிக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று. இத்தனை வகை எதற்கு. பிடிக்கிறதுக்கு ஒரு சாமான், அவ்வளவுதானே. செவ்வாய்க்கிழமை அவர் இங்கே வந்து நின்றபோது இந்த அம்மா கேள்வியாய்க் கேட்டாள், முன்னாடியா பின்னாடியா, என்ன அளவு, இன்னொரு பக்கத்துது பார்த்தீங்களா. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பழைய சிலிண்டரை எடுத்துக் கவுண்டரில் வைத்து, "சாம்பிள் இருக்கு, இதே மாதிரி கொடு, கேள்வி வேண்டாம்" என்றார். அவர் வேலையே அப்படித்தான் நடந்தது. புது மனு வந்தால் பழைய கோப்பை எடு, முன்னால் இருந்தவன் என்ன எழுதியிருக்கிறான் பார், அதையே எழுது. முப்பத்தாறு வருஷம், ஒரு மெமோ கிடையாது. அவள் சாம்பிளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், என்னவோ சொல்ல வந்தாள், பிறகு கொடுத்துவிட்டாள். இரண்டு சக்கரத்துக்கும் புது லைனர் போட்ட ஷூ, ஒரு டப்பா ஆயில். வீட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்கத் தரையில் கிடந்து மாட்டினார், மிதிக்கு முருங்கைக் குச்சியை முட்டுக் கொடுத்துத் தனியாளாக ஆயில் குழாயிலிருந்து காற்று எடுத்தார். ருக்குமணி இரண்டு தடவை வந்து நின்றாள். வேண்டாம் போ என்றார். அவளால் ஸ்பேனர் பிடிக்க முடியாது. இடது மணிக்கட்டு அன்றைக்கு உடைந்தது சரியாகக் கூடவில்லை, துணி பிழிய முடியாது, சட்டியை இறக்க வலது கை மட்டும், தேங்காய் உடைக்க அவரைத்தான் கூப்பிடுவாள், கூப்பிட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்து நிற்பாள். அன்றைக்கு என்றால் பேரூர் ரோட்டுப் பாலத்தடியில். பையன் ஓட்டினான், இருபத்து நாலு வயது, டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் எடுத்து மூன்று மாசம், அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சாவியைக் கேட்டு வாங்கினான். குறுக்கே நாய். பிரேக் போட்டான். வண்டி பாலத்துச் சுவரில் ஏறியது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள் கையை ஊன்றினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்ஸ் பார்க்க, அவனை அறைந்தார். ஒன்று அல்ல. அவன் கன்னத்தைக்கூடப் பிடிக்கவில்லை, "வண்டி இடப்பக்கம் இழுத்துச்சுங்கப்பா" என்று மட்டும் சொன்னான், திரும்பத் திரும்ப, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி. காலையில்தான் நான் ஓட்டினேன், எனக்கு இழுக்காத வண்டி உனக்கு இழுக்குதா என்றார். அவன் அந்த மாசமே புனேக்குப் போனான். அங்கேயும் வண்டி வாங்கவில்லையாம், பஸ்ஸில்தான் கம்பெனிக்குப் போகிறானாம், ருக்குமணி சொன்னாள், அடுப்பைப் பார்த்து. வாங்காவிட்டால் போகட்டும். ஓட்டத் தெரியாதவனுக்கு எதற்கு வண்டி.

"சொல்லுங்க சார். செட் ஆகலையா?" என்றாள் ஹசீனா. போனை வைத்துவிட்டிருந்தாள்.

"டூப்ளிகேட்."

"எதுங்க?"

"நீ கொடுத்தது. மாத்திக் கொடு."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இங்க டூப்ளிகேட் வெக்கறதில்லீங்க சார். என்ன பண்ணுது வண்டி?"

"இடப்பக்கம் போகுது."

"பிரேக் போட்டா?"

"பின்னே ஹார்ன் அடிச்சாவா?"

டெம்போ டிரைவர் சிரித்தான். அவளும் லேசாகச் சிரித்துக்கொண்டே பையைத் தன் பக்கம் இழுத்து இரண்டு சிலிண்டரையும் வெளியே எடுத்தாள், பழைய துணியால் துடைத்தாள், துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து கறுப்பு ரப்பர் வாஷர் ஒன்றை எடுத்துப் பழைய சிலிண்டரின் வாயில் வைத்துக் கட்டை விரலால் அமுக்கினாள். உள்ளே போகவில்லை. புதியதில் வைத்தாள். போகவில்லை.

"இந்த ரப்பர் உங்க ஜீப்போட முன்சக்கரத்துக்கு உண்டானதுங்க சார். போக மாட்டேங்குது பாருங்க. நீங்க கொண்டாந்த சாம்பிள் பின்சக்கரத்துது."

"முன்னாடிதான் இருந்துச்சு. என் கையால கழட்டினேன்."

"இருந்திருக்கும். யாரோ மாட்டி உட்டிருக்காங்க. வெளிய பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான், போல்ட்டும் ஒண்ணுதான், ஒக்காந்துக்கும். உள்ளாறதான் சின்னது. அதனால சோத்தாங்கைப் பக்கம் கம்மியாப் புடிக்கும், அந்தப் பக்கம் முழுசாப் புடிக்கும். வண்டி இழுக்கத்தானே செய்யும்? நான் அன்னிக்கே கேட்டனே, இன்னொரு பக்கத்துது பார்த்தீங்களான்னு."

"இப்பத்தான் இழுக்குது. முன்னே இழுக்கலை."

"லைனர் தேஞ்சுபோயிருந்தா அத்தனை தெரியாதுங்க. புது லைனர் போட்டதும் வேலையக் காட்டுது. ஆனா எப்பவுமே இழுத்திருக்குமே சார். வேகமாப் போயி திடீர்னு போட்டாக் கட்டாயம் இழுத்திருக்கும்."

எப்பவுமே இழுத்திருக்குமே சார். அவள் அதைச் சொல்லிவிட்டு வேறு பெட்டியைத் தேடத் திரும்பிவிட்டாள். சென்னியப்பன் கவுண்டர் கண்ணாடியில் கையை ஊன்றினார். எனக்கு இழுக்கலையே. எனக்கு ஏன் இழுக்கலை. பதினாறு வருஷம் நான் ஓட்டியிருக்கிறேன், தோட்டத்துக்கும் சந்தைக்கும், நாய் வந்திருக்கிறது, ஆடு வந்திருக்கிறது, பிரேக் போட்டிருக்கிறேன், நேராகத்தான் நின்றது. கை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. கண்ணாடிமேல் இருந்த வலது கை தானாக ஒரு விரற்கடை வலப்பக்கம் திரும்பியது, இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு. அவர் அதைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது இந்த ஒரே ஜீப்பில்தான், வேறு வண்டியைத் தொட்டதேயில்லை, கற்றுக்கொடுத்தவன் லூர்துசாமி, ஆபீஸ் டிரைவர், தாசில்தாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற பயத்தில் சீட்டு நுனியில் உட்கார்ந்திருப்பான். ஐயா, பிரேக் போடறப்ப ஸ்டீரிங்கை லேசா சோத்தாங்கைப் பக்கம் புடிச்சுக்குங்க. அப்படிச் சொன்னான். வண்டி ஓட்டுவது என்றால் அதுதான் என்று நினைத்தார். கிளட்சை மிதிப்பது மாதிரி, கியர் போடுவது மாதிரி, பிரேக்குக்கு வலப்பக்கம் பிடிப்பது. உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், பஸ்காரன், லாரிக்காரன் எல்லோரும். பையன் டிரைவிங் ஸ்கூலில் படித்தவன், அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சாவியைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. யாராவது மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பார்களா. இதுகூடத் தெரியாமல் ஓட்டியிருக்கிறான் என்றுதானே அன்றைக்கு அத்தனை கோபம் வந்தது. இதோடு நின்றால் பரவாயில்லை. தெரியாமல் நடந்தது என்று எழுதிக் கோப்பை மூடலாம். மூடவிடாமல் அதற்கு அடியில் இன்னொரு காகிதம். லூர்துசாமி மேஜைக்கு முன்னால் நிற்கிறான், ரிட்டயராவதற்கு ஒரு வருஷம் முன்பு, மழை மாசம், கைகட்டி நிற்கிறான். முன்சக்கரத்துச் சிலிண்டர் கிடைக்கலீங்க ஐயா, பின்சக்கரத்துதைப் போட்டுச் சமாளிச்சிருக்கேன், தற்காலிகம்தான், சரியானது வாங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா. ஓடுதில்ல என்று கேட்டார். ஓடுதுங்கய்யா, ஆனா. ஓடினால் சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம். அடுத்த வருஷம் வண்டியை ஏலம் விட்டார்கள். தற்காலிகம் என்று கோப்பில் எழுதுகிற எதையும் பிறகு யாரும் திறந்ததில்லை, இவருக்குத் தெரியாதா, இவரே எத்தனை எழுதியிருக்கிறார். இதை மறந்திருந்தேனா. ஆஸ்பத்திரி வராந்தாவில் கை ஓங்கும்போது தெரியுமா தெரியாதா. தெரியாது. தெரியாதென்றால் அதற்குப் பிறகு எவனையும் சக்கரத்தைக் கழற்றவிடாமல் பார்த்துக்கொண்டது ஏன். காசு பிடுங்குவார்கள் என்றுதான். தெருமுனைக்காரன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபோது குறுக்கே போய் மறைத்து நின்றேனே, அது எதற்கு. வெயில். அவர் தண்ணீர் கேட்கவில்லை, ஆனால் டெம்போ டிரைவர் தன் பாட்டிலை நீட்டினான். "உக்காருங்க பெரியவரே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது." உட்காரவில்லை. தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார்.

ஹசீனா இரண்டு பெட்டிகளை வைத்தாள். "ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்திருங்க சார். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா மறுபடி வம்பு."

"சரி."

"அளவு நீங்களே பார்த்துக்கங்க." கறுப்பு ரப்பரை அவர் கையில் கொடுத்தாள். அமுக்கினார். உள்ளே போய் உட்கார்ந்தது. இரண்டாவதிலும் உட்கார்ந்தது.

"வேற என்ன மாத்தணும்?" என்று கேட்டார். அவரே கேட்ட முதல் கேள்வி. அவள் சொன்னாள், ஒவ்வொன்றாக, அவர் நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"மாட்டினா நேரா நின்னுக்குமா?"

"கோடு போட்ட மாதிரி நிக்கும். இதுக்கு முன்னால இழுத்துச்சுன்னு நீங்க சொன்னாக்கூட யாரும் நம்ப மாட்டாங்க."

யாரும் நம்ப மாட்டார்கள். அதைக் கேட்டதும் மனசு ஒரு கணக்கைப் போட்டது, வெட்கமில்லாமல், பழைய ஆபீஸ் வேகத்தில். இதை மாட்டிவிட்டால் வண்டி நேராக நிற்கும். சனிக்கிழமை வாசலில் பிரேக் போட்டுக் காட்டலாம். பார்த்தாயா. அவன் பார்ப்பான், நேராக நிற்பதைப் பார்ப்பான், தன் கை மேலேயே சந்தேகப்படுவான், பதினாலு வருஷத்துக்கு முன்னால் தான்தான் திருப்பிவிட்டோமோ என்று. பிறகு சாகிறவரைக்கும் வாயைத் திறக்க மாட்டான். அவர் நினைத்து வந்தது அப்படியே நடக்கும், நினைத்ததைவிட நன்றாக. லூர்துசாமி செத்து எட்டு வருஷம். இந்தக் கடைக்குப் பையன் வரப் போவதில்லை.

"பழசை இங்கயே போட்டுட்டுப் போங்க சார், இரும்புக்குப் போயிரும்" என்றாள் ஹசீனா. காலால் ஒரு தகர டப்பாவை நகர்த்தினாள். அதில் தேய்ந்த ஷூக்களும் துருப்பிடித்த ஸ்பிரிங்குகளும் கிடந்தன. பழைய சிலிண்டர் அவள் கையில் டப்பாவுக்கு மேலே இருந்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், விழுந்துவிடும். இதற்கு முன்னாலும் வாயைத் திறக்காமல் இருந்துதானே எல்லாம் நடந்தது. அது என்ன நாள், என்ன கிழமை, எவன் கையெழுத்து, எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. வெறும் துண்டு இரும்பு. அது போனால் பேரூர் ரோட்டில் நடந்ததற்குச் சாட்சி அவர் ஒருவர்தான், அந்த ஒருவரைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கொடு" என்றார்.

"எதுக்குங்க சார், ஆகாதது."

"கொடுன்னா கொடு."

கொடுத்தாள். "கோவக்காரத் தாத்தா" என்று டெம்போ டிரைவரிடம் சொன்னது படியிறங்கும்போது காதில் விழுந்தது.

சனிக்கிழமை டாக்சியில் வந்தார்கள். குழந்தை பாட்டியோடு உள்ளே போனது. சென்னியப்பன் ஜீப்பின் பானெட் மேல் துணியை விரித்து அந்தப் பழைய சிலிண்டரை வைத்திருந்தார், பக்கத்தில் இன்னும் மாட்டாத புதிய ஜோடி. பெட்டியை இறக்கிவிட்டு வந்தவனிடம், வந்தாயா என்றுகூடக் கேட்காமல், சொன்னார். "இது சோத்தாங்கைப் பக்கம் முன்சக்கரத்துல இருந்தது. அளவு தப்பு. லூர்துசாமி அப்பவே சொன்னான். நான் மாத்த உடலை." இரண்டு நாளாகத் தேடி இதைவிடக் குறைவான வார்த்தை கிடைக்கவில்லை. அவன் அதை எடுத்துப் பார்த்தான். கம்பெனியில் நாள் முழுக்க இரும்பை அளக்கிறவன், துவாரத்தில் சுண்டுவிரலை விட்டதும் புரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. நரைத்திருந்தான், காதோரத்தில். எப்போது நரைத்தான்.

"அம்மாகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லீட்டு வாங்க. அப்பறம் மாட்டலாம்."

போய்ச் சொன்னார். ருக்குமணி இட்லித் துணியை வலது கையால் உரித்துக்கொண்டிருந்தாள், கடைசி இட்லி வரும்வரை உரித்தாள். முதல் தடவையாக அடுப்பைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். "அவனச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

அவன் சாப்பிடவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சக்கரத்துக்கடியில் போனான். காற்று எடுக்க மிதியில் ஒரு கால் வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்தார். கீழேயிருந்து குரல் வந்தது, அமுக்குங்க, புடிங்க, விடுங்க, அமுக்குங்க. அமுக்கினார், பிடித்தார், விட்டார். ஒரு மணி நேரம் அந்த மூன்று சொல்லைத் தவிர அவர்களுக்குள் பேச்சில்லை. பிறகு எடுத்துப் பாருங்க என்றான். தெருவில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் போட்டார். ஜீப் வலப்பக்கம் போய் எதிர்வீட்டுச் சாக்கடை ஓரத்தில் நின்றது. இன்னொரு தடவை போட்டார். அப்போதும் வலப்பக்கம்தான். நடந்து வந்தவன் கதவோரம் நின்று அவருடைய கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான், ஸ்டீரிங்கை அவை பிடித்திருந்த விதத்தை.

"எறங்குங்க" என்றான்.

இறங்கினார். சுற்றிவந்து இடது பக்க சீட்டில் ஏறினார். அவன் சீட்டை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிதியை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தான். பிறகு எடுத்தான். தெருமுனைக்கு முன்னால் வேகம் பிடித்து, ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் தூக்கிவிட்டுப் பிரேக்கை மிதித்தான். நேராக நின்றது. குழந்தையை அதில் ஏற்றவில்லை, மத்தியானம் வெளியே போக டாக்சியைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் வண்டியைச் சரிசெய்தது யார் என்று தெருமுனை மெக்கானிக் சாயங்காலம் கேட்டபோது, சென்னியப்பன் கேட்டின் பூச்சு உதிர்ந்த தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, வெகு நாளாகப் புழங்காத வாயால், ஒவ்வோர் எழுத்தாகப் பையனின் பெயரைச் சொன்னார்.

மோகனசுந்தரம்.